குமுளி மலை இறங்கும் பழைய சின்ன கார்: பிரேக் வேலையை எந்த வரிசையில் செய்வது?

2025 ஜனவரியில் குமுளிக்காரர் ஒருவரிடம் பழைய சின்ன கார் ஒன்று வாங்கினேன். 2010 மாடல், 800 சிசி, 12 அங்குலச் சக்கரம், கேரளப் பதிவு. ஆர்.சி.யோடு ஒரு பட்டறைப் பில்லையும் கையில் கொடுத்தார். ‘பிரேக் ஃபுல் ஒர்க், 2,400 ரூபாய்’ என்று எழுதியிருந்தது. அதை நம்பி ஐந்து மாதம் ஓட்டினேன்.

ஜூன் மாதம், தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம். குமுளியிலிருந்து மலையடிவார லோயர் கேம்புக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். வண்டியில் அம்மா, மனைவி, பிள்ளைகள் இரண்டு பேர், டிக்கியில் இரண்டு பலாப்பழம். பாதி மலையில் மிதித்தபோது பெடல் பாதி தூரம் சும்மா போனது. அடுத்த வளைவில் தரையையே தொட்டது. இரண்டாவது கியருக்கு இழுத்து, பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்து, ஹேண்ட் பிரேக்கையும் தூக்கி ஒருவழியாக நிறுத்தினேன். பலாப்பழம் பின்சீட்டில் ‘தொம்’ என்று முட்டியது. முன்னால் நின்றது ஏலத்தோட்டத்திலிருந்து ஆள் ஏற்றி வந்த ஜீப். இடைவெளி ஒரு முழம் இருந்தால் அதிகம். ஜீப்பின் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மா தூக்குவாளியை மடியில் அணைத்துக்கொண்டு, “ஏப்பா, பார்த்து வரக்கூடாதா?” என்று மட்டும் கேட்டார்.

அப்புறம்தான் நிஜமான அலைச்சல். முதல் பட்டறையில் முன் பேடை, அதாவது முன்சக்கர டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கட்டையை, மாற்றினார்கள், 1,100 ரூபாய். இரண்டாவது பட்டறையில் பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டருக்கு கிட் (உள்ளிருக்கும் ரப்பர் பாகங்கள்) போட்டார்கள், 1,900. பெடல் அப்படியேதான் இருந்தது. மூன்றாவது பட்டறைக்காரர்தான் பின்சக்கரப் பிரேக்கை மூடியிருக்கும் டிரம்மைக் கழற்றிப் பார்த்தார். ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிந்து, டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூ முழுக்க ஆயிலில் ஊறிக் கிடந்தது. பிரேக் ஆயில் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. பழைய பில்லில் இருந்த ‘ஃபுல் ஒர்க்’ என்பது முன் பேடு மட்டும்தான்.

தப்பு பாகத்தில் இல்லை, வரிசையில் இருந்தது. மலையடிவாரத்தில் முதல் முறையாகப் பழைய கார் வாங்கியிருக்கிறவர்கள் இந்த வரிசையில் போனால் நான் தண்டமாகக் கொடுத்த 3,000 ரூபாய் மிச்சம். குமுளி பாதை என்றில்லை, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஏறி இறங்குகிறவர்களுக்கும் இதேதான்.

1. முதலில் தூரக் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

வண்டி நிற்கும் தூரம் இரண்டு துண்டு. ஆபத்தைப் பார்த்து, கால் பெடலுக்குப் போகும்வரை ஓடுவது ஒன்று. பிரேக் பிடித்தபின் ஓடுவது இன்னொன்று. கவனமாக ஓட்டுகிறவருக்குக்கூட முதல் துண்டுக்கு ஒரு விநாடி ஆகும். மணிக்கு 60 கிலோமீட்டரில் அந்த ஒரு விநாடியிலேயே சுமார் 17 மீட்டர் போய்விடும்.

காய்ந்த சமதளத் தார் ரோடு, நல்ல டயர், சரியான பிரேக் என்று வைத்துக்கொண்டால் இரண்டு துண்டும் சேர்த்துத் தோராயமாக 40 கி.மீ. வேகத்தில் 20 மீட்டர், 60-இல் 37 மீட்டர், 80-இல் 58 மீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும். 40-இல் 9 மீட்டராக இருப்பது 80-இல் 36 மீட்டர்.

மழை பெய்த ரோட்டில் பிடிமானம் பாதிக்கு அருகே குறைந்துவிடும். அதே 60-இல் 52 மீட்டர் வரை போகும். அதோடு 100 மீட்டருக்கு 8 மீட்டர் இறங்குகிற சரிவும் சேர்ந்தால் 60 மீட்டரைத் தாண்டும். ஐந்து பஸ்ஸை வரிசையாக நிறுத்திய நீளம். நம் மலையில் எந்த இரண்டு வளைவுக்கு நடுவே அவ்வளவு நேர் ரோடு இருக்கிறது?

இதெல்லாம் பிரேக் சரியாக இருக்கும் வண்டிக்கான கணக்கு. இன்னொன்று: 2019 ஏப்ரலிலிருந்துதான் விற்பனைக்கு வரும் எல்லாப் புதிய கார்களிலும் ஏ.பி.எஸ். (ஓங்கி மிதித்தாலும் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பு) கட்டாயம். அதற்கு முந்தைய சின்ன கார்களில் பெரும்பாலானவற்றில் கிடையாது. ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பூட்டிய சக்கரத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகத்தான் வழுக்கும். அப்போது பெடலைக் கொஞ்சம் தளர்த்தி, சக்கரம் சுழல ஆரம்பித்ததும் மறுபடி மிதிக்க வேண்டும். சொல்ல எளிது. அந்த நேரத்தில் காலைத் தூக்க மனசு வராது. அதனால்தான் பழக வேண்டும் என்கிறேன், 8-ஆம் படியில் சொல்கிறேன்.

2. டயர்: பட்டறைக்குப் போகும் முன்பே பாருங்கள்

பிரேக் சக்கரத்தை நிறுத்துகிறது. வண்டியை நிறுத்துவது டயர். இதைப் பார்க்க மெக்கானிக் தேவையில்லை.

டயர் ஓரத்தில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3219 என்றால் 2019-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம் செய்தது. பட்டன் (தரையில் படும் ரப்பர் மேடுகள்) தேயாமல் பளபளவென்று இருந்தாலும் ஆறேழு வருடம் ஆன ரப்பர் கட்டிப்பட்டுப் போயிருக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடு தெரியும். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம். சட்டம் அதுவரை விடுகிறது. குமுளி மழைக்கு நான் அதுவரை விடமாட்டேன், 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவேன்.

இரண்டு டயர் மட்டும் வாங்கினால் புதியதைப் பின்னால் போடச் சொல்லுங்கள். கடைக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். “இழுக்கிறது முன்சக்கரம்ணே, முன்னாடி போடுவோம்” என்பார். ஏ.பி.எஸ். இல்லாத வண்டியில் தேய்ந்த டயர் பின்னால் இருந்து, ஈரத்தில் மிதித்தால் பின்பக்கம் சுற்றிக்கொண்டு முன்னால் வந்துவிடும். நான் பிடிவாதமாகப் பின்னால்தான் போட்டேன். ஒன்று 3,200 ரூபாய் ஆனது.

காற்றழுத்தம் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். மைலேஜுக்காக நாலு பாயிண்ட் கூட ஏற்றுகிற பழக்கம் மலைப்பாதைக்கு ஆகாது.

3. பிரேக் ஆயில்: யாரும் கேட்காத, முதலில் கேட்க வேண்டிய வேலை

பானெட்டைத் திறந்தால் டிரைவர் பக்கத்தில், மஞ்சள் மூடியோ கறுப்பு மூடியோ போட்ட சின்ன டப்பா இருக்கும். உள்ளே இருப்பது தேன் நிறத்துக்குக் கொஞ்சம் வெளுப்பாக இருக்க வேண்டும். கடுங்காப்பி நிறமென்றால் மாற்றி வருடக்கணக்காகிறது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மலையிறக்கத்தில் இதுதான் காலை வாருகிறது. டாட் 3, டாட் 4 என்பவை பிரேக் ஆயிலின் தர வகைகள். புது டாட் 3 ஆயில் 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அதன் வரம்பு 140 டிகிரி. டாட் 4-க்கு 230, ஈரம் ஏறினால் 155. ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழி வரும். குமிழி அமுங்கும், ஆயில் அமுங்காது. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போவது அதனால்தான். கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தால் ஆறிச் சரியாகிவிடும். பட்டறைக்குப் போய்ச் சேரும்போது பெடல் நன்றாக இருக்கும். “ஒண்ணுமில்லையே சார்” என்று அனுப்பிவிடுவார்கள். எனக்கு முதல் பட்டறையில் பேடை மட்டும் மாற்றிவிட்டு இதையேதான் சொன்னார்கள்.

எவ்வளவு சூடு வரும் என்று ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆளோடு சேர்த்து 1,000 கிலோ வண்டி 400 மீட்டர் உயரம் இறங்கினால் வெளியாகும் ஆற்றலில் 13 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். பெரிய சோற்றுப் பானை. அதில் எஞ்சின் ஒரு பங்கைத் தாங்கும், காற்று ஒரு பங்கு. மீதி முழுக்க அந்தச் சின்ன டிஸ்க்கிலும் டிரம்மிலும்தான்.

செய்ய வேண்டியது: இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள். எந்த வகை என்று டப்பா மூடியிலேயே இருக்கும். டாட் 3 போட்ட வண்டிக்கு டாட் 4 ஊற்றலாம். டாட் 5 என்று எழுதியிருந்தால் தொடாதீர்கள், அது சிலிக்கான், வேறு சாதி. அரை லிட்டர் பாட்டில் எனக்கு 240 ரூபாய். சீல் உடையாத பாட்டிலாக நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். பட்டறை அலமாரியில் பாதி ஊற்றி வைத்திருக்கும் பாட்டில் எத்தனை மழைக்காலம் பார்த்ததோ.

இங்கே ஒரு கண்ணி. டப்பாவில் அளவு குறைந்திருந்தால் மேலே ஊற்றி நிரப்பிவிட்டு ‘ஆயில் மாத்தியாச்சு’ என்பார்கள். அளவு குறைவதற்கு இரண்டு காரணம்தான்: பேடு தேய்ந்திருக்கிறது, அல்லது எங்கோ கசிகிறது. நிரப்பினால் இரண்டும் மறைந்துபோகும்.

மாற்றுவது என்றால் நான்கு சக்கரத்திலும் நிப்பிளை (ஆயிலை வெளியே விடும் சின்னத் திருகு) திறந்து, பழையது வெளியேறிப் புது நிறம் வரும்வரை எடுப்பது. ஏர் எடுப்பதும், அதாவது குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுவதும், அதோடு முடிந்துவிடும். பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்பத் தூரத்தில் இருக்கும் பின் இடது சக்கரம் முதலில். மூன்றாவது பட்டறையில் நான் பக்கத்திலேயே நின்றேன். உள்ளே உட்கார்ந்த பையனிடம் மெக்கானிக் “மிதி… மிதி… பிடி” என்பார். பையன் “பிடிச்சிருக்கேண்ணே” என்பான். நிப்பிள் கால் சுற்று திரும்பும். கண்ணாடிக் குழாயில் கறுப்புத் திரவம் குமிழி குமிழியாக ஓடும். நிப்பிள் மூடியபின்தான் “விடு”. பையன் அவசரப்பட்டு முன்னமே காலை எடுத்தால் காற்று உள்ளே போய்விடும், மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு சக்கரத்துக்கும் நடுவில் டப்பாவில் ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள், காலியானாலும் இதே கதிதான். பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள், பெயிண்டை அரித்துவிடும்.

4. பின் டிரம்: திறந்து காட்டச் சொல்லுங்கள்

‘பிரேக் வேலை’ என்றால் முன் பேடு என்றே ஆகிவிட்டது. பேடைக் கழற்றுவது எளிது, பத்து நிமிடம். டிரம் அப்படியில்லை. துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கும். சுத்தியலால் தட்டி, டிரம்மில் இருக்கும் இரண்டு ஓட்டையில் 8 எம்.எம். போல்ட்டைப் போட்டுச் சமமாக முறுக்கினால்தான் வெளியே வரும். சோம்பல்பட்ட பட்டறை அதைத் திறக்காது. பில்லில் மட்டும் எழுதிவிடும்.

நிற்கும்போது பாரம் முன்னால் சாய்வதால் பெரும்பங்கு வேலையை முன்சக்கரம்தான் செய்கிறது, உண்மை. ஆனால் பின்சக்கரம் தன் பங்கைச் செய்யாவிட்டால் முன் டிஸ்க்கும் ஆயிலும் சேர்ந்து அதிகம் சூடாகும். ஹேண்ட் பிரேக்கும் பின் டிரம்மில்தான் இருக்கிறது.

டிரம் வந்தபின் பார்க்க வேண்டியது மூன்று.

வீல் சிலிண்டரின் இரண்டு முனையிலும் ரப்பர் தொப்பி இருக்கும். அதன் விளிம்பை மெல்லத் தூக்கச் சொல்லுங்கள். உள்ளே ஈரம் தெரிந்தால் கசிவு. ஒருபக்கம் மட்டும் கசிந்தாலும் இரண்டு பக்கமும் மாற்றுவது நல்லது. எனக்கு ஒன்று 420 ரூபாய்.

ஆயில் பட்ட ஷூவைப் பெட்ரோலில் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து “புதுசு மாதிரி ஆயிடுச்சு” என்று திருப்பி மாட்டுவார்கள். ஆகாது. லைனிங் (ஷூவில் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டை) உறிஞ்சியதைத் திருப்பி எடுக்க முடியாது, சூடானதும் மறுபடி கக்கும். ஒரே பக்க ஷூ வழுக்கினால் மிதிக்கும்போது வண்டி மறுபக்கம் இழுக்கும். செட்டாக மாற்றுங்கள், 750 ரூபாய்.

டிரம்மின் உள்சுற்றை விரலால் தடவுங்கள். ஓரத்தில் மேடு தட்டினால் லேத்தில் கொடுத்துக் கடைய வேண்டும். டிரம்மிலேயே அதிகபட்ச விட்டம் பொறித்திருக்கும். அதைத் தாண்டும் என்றால் கடையாதீர்கள், புதிது வாங்குங்கள். லேத் வேலை எங்கள் ஊரில் அன்றைக்கே கிடைக்கவில்லை, தேனிக்குக் கொடுத்தனுப்பி மறுநாள் வாங்கினோம். இரண்டுக்கும் 400.

தூசியைக் காற்றடித்துப் பறக்கவிடுவார்கள். பழைய லைனிங்கில் கல்நார் இருந்திருக்கலாம், நுரையீரலுக்கு நல்லதல்ல. ஈரத்துணியால் துடைக்கச் சொல்லிவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

5. முன் பேடு, டிஸ்க்

பேடில் லைனிங் 3 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் மாற்றுங்கள். டிஸ்க்கிலும் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். ஒரே சக்கரத்தில் உள்பேடு அதிகம் தேய்ந்து, வெளிபேடு தடியாக இருந்தால் காலிப்பர் (பேடைப் பிடித்து அழுத்தும் பாகம்) நகர்வதற்கான ‘பின்’ என்ற கம்பி இறுகிவிட்டது என்று பொருள். பேடை மட்டும் மாற்றினால் மூன்றே மாதத்தில் மறுபடி அதே கதை. பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து அதற்கென்றே உள்ள கிரீஸ் போட வேண்டும். சாதாரண வண்டி கிரீஸ் ரப்பரை உப்பவைத்துவிடும்.

6. ரப்பர் ஹோஸ்

முன்சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கையால் மடக்கிப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால் மாற்றுங்கள். 15 வருட வண்டி என்றால் பார்க்காமலேயே மாற்றலாம், இரண்டும் 700 ரூபாய்க்குள். உள்ளே உப்பிப்போன ஹோஸ் மிதித்தால் ஆயிலை விடும், காலை எடுத்தபின் திரும்ப விடாது. அந்தச் சக்கரம் மட்டும் இழுத்துக்கொண்டே ஓடிச் சூடாகும்.

7. பூஸ்டரும் ஹேண்ட் பிரேக்கும்: வீட்டு வாசலிலேயே பார்க்கலாம்

பூஸ்டர் என்பது எஞ்சினின் வாக்குவத்தை (வெற்றிடத்தை) வைத்து நம் மிதியைப் பலமாக்கும் பாகம். எஞ்சினை அணைத்துவிட்டு நாலைந்து முறை மிதியுங்கள். பெடல் கல் மாதிரி ஆகிவிடும். காலை அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் உள்ளே இறங்கினால் பூஸ்டர் சரி. அசையவே இல்லையென்றால் பூஸ்டரோ, அதற்கு வரும் வாக்குவம் குழாயோ போய்விட்டது. முதலில் குழாயைப் பாருங்கள், அது மலிவு.

பெட்ரோல் மிச்சம் பிடிக்க மலையிறக்கத்தில் எஞ்சினை அணைத்து உருட்டிக்கொண்டு வருகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். எஞ்சின் அணைந்தால் பூஸ்டரில் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வாக்குவம் மிச்சம். நாலாவது வளைவில் கல்லைத்தான் மிதிப்பார்கள். சாவியைத் திருப்பி எடுத்துவிட்டால் ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளும்.

ஹேண்ட் பிரேக் நாலிலிருந்து ஏழு ‘கட்’டுக்குள் பிடிக்க வேண்டும். பத்து பன்னிரண்டு போனால் முதலில் ஷூவைச் சரிசெய்துவிட்டு அப்புறம் கேபிளை முறுக்கச் சொல்லுங்கள். கேபிளை மட்டும் முறுக்கினால் ஷூ எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும்.

8. பழக்கி, அளந்து பாருங்கள்

புது பேடும் ஷூவும் போட்ட அன்றே மலை ஏறாதீர்கள். சமதளத்தில் 50-லிருந்து 20 வரை மெதுவாக வேகம் குறைத்து, கொஞ்சம் ஓடவிட்டு ஆறவைத்து, பத்துமுறை செய்யுங்கள். முழுதாக நிறுத்த வேண்டாம். பேடும் டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று படிய வேண்டும்.

பிறகு அளவு. விடிகாலை ஐந்தரை, வெளிச்சம் வந்ததும், திராட்சைத் தோட்டத்துக்குப் போகும் ஒரு காலி தார் ரோட்டுக்குப் போனேன். மைத்துனர் கையில் கொத்தனார் டேப்பும் கொஞ்சம் சுண்ணாம்புப் பொடியும். ரோட்டுக்குக் குறுக்கே ஒரு கோடு. சரியாக 40-இல் வந்து, முன்சக்கரம் கோட்டைத் தொடும்போது மிதித்தேன். அவர் ரோட்டோரமாகப் பத்தடி தள்ளி வரப்பில் நின்றார், உங்கள் ஆளையும் அப்படியே நிறுத்துங்கள். முதல் தடவை 13 மீட்டர். பதறிவிட்டேன். பார்த்தால் கோட்டைத் தாண்டியபின்தான் என் கால் மிதித்திருக்கிறது. நாலாவது தடவையில் 10 மீட்டருக்குள் வந்தது. காய்ந்த ரோட்டில் 40-க்கு 9, 10 என்றால் சரி. நாலு தடவைக்குப் பிறகும் 12, 13-லேயே நின்றால் பட்டறைக்குத் திரும்புங்கள்.

ஸ்டியரிங்கை இரண்டு விரலால் லேசாகப் பிடித்து மிதித்துப் பாருங்கள். ஒருபக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் பிடிக்கிறது, மறுபக்கம் பிடிக்கவில்லை. ரோட்டில் விழும் ரப்பர் கோடு எந்தச் சக்கரம் முதலில் பூட்டுகிறது என்று காட்டும். பின்சக்கரம் முதலில் பூட்டினால் ஓட்ட வேண்டாம். மிதித்துத் தளர்த்தி மிதிக்கும் பழக்கத்துக்கும் இதே இடம், இதே 40 போதும். 60-இல் யாரும் முயற்சி செய்யாதீர்கள்.

9. மலையிறக்கம்

எந்தக் கியரில் ஏறுமோ அந்தக் கியரில் இறக்குங்கள். குமுளியில் எனக்கு அது பெரும்பாலும் இரண்டு. பெடலில் காலை ஊன்றியே வராதீர்கள். வளைவுக்கு முன் அழுத்தமாக ஒருமுறை மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள், ஆறட்டும். கருகிய வாடை வந்தால் அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரைமணி நேரம் காத்திருங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் கோணிக்கொள்ளும். சூட்டோடு ஹேண்ட் பிரேக்கையும் இறுக்கி வைக்காதீர்கள்.

ஐயப்ப சீசனில் ஏறுவதற்கு ஒரு பாதை, இறங்குவதற்கு ஒரு பாதை என்று திருப்பிவிடுவார்கள். பழகிய ரோடு என்ற நினைப்பில் கிளம்பி, பழகாத இறக்கத்தில் போய் மாட்டாதீர்கள்.

10. காகிதம்: கேரளப் பதிவு வண்டி வாங்கினால்

கேரளப் பதிவில் உள்ள வண்டியைத் தமிழ்நாட்டில் வைத்துக்கொள்வதானால் முதலில் பதிவான ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து தடையில்லாச் சான்று வேண்டும், படிவம் 28. பெயர் மாற்றத்துக்கு 29, 30. புது எண்ணுக்கு 27. 12 மாதத்துக்குமேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம். தமிழ்நாட்டுச் சாலைவரி தனியாக வரும், அது எவ்வளவு என்று விலை பேசும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேரளத்தில் 2023 ஜூனிலிருந்து ஏ.ஐ. கேமரா அபராதம் போடுகிறது. விற்பவருக்கே தெரியாமல் சீட்பெல்ட் அபராதம் நாலைந்து தேங்கியிருக்கும். அது தீராமல் சான்று நகராது. மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். எனக்கு இதிலேயே மூன்று வாரம் போனது.

15 வருடம் முடியும் காருக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், படிவம் 25. காலாவதிக்கு 60 நாள் முன்னாலிருந்து விண்ணப்பிக்கலாம். ஆர்.சி., நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று, பசுமை வரி ரசீது, முகவரிச் சான்று, பான் அட்டை, சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்தெடுத்த பதிவு வேண்டும். கட்டணம் 5,000 ரூபாய், 2022 ஏப்ரலிலிருந்து. 20 வருடம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் அதை 10,000 ஆக்கினார்கள். தாமதமானால் மாதத்துக்கு 500 கூடும். ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துத் தருவார்கள்.

ஆய்வாளர் பிரேக்கை ஓட்டிப் பார்ப்பார். பிரேக் வேலையை ஆய்வுக்கு ஒரு வாரம் முன்னதாக முடியுங்கள். முந்தின நாள் போட்ட பேடு படிந்திருக்காது. பட்டறைப் பில்லில் ‘பிரேக் வேலை’ என்று மொத்தமாக எழுத விடாதீர்கள். எந்தச் சக்கரம், எந்தப் பாகம், என்ன ஆயில், எந்தத் தேதி என்று தனித்தனியாக வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் பையில் போட்டுக் கேட்டு வாங்கி வாருங்கள்.

11. எப்போது, எவ்வளவு

மூன்றாவது பட்டறையில் என் கணக்கு: வீல் சிலிண்டர் 840, ஷூ 750, லேத் 400, ஆயில் 240, ஹோஸ் 700, கூலி 1,000. மொத்தம் 3,930 ரூபாய், டயர் தனி. லேத் வேலை இருந்தால் இரண்டு நாள், இல்லையென்றால் ஒரு நாள். பாகங்களின் விலை ஊருக்கு ஊர் மாறும், கம்பெனிச் சரக்கா என்று பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். சந்தேகப்படும்படி மலிவான பேடு குளிரில் நன்றாகப் பிடிக்கும், சூடானால் கைவிடும்.

மே மாதத்துக்குள் முடித்துவிடுவது நல்லது, ஜூனில் மழை வந்துவிடும். கார்த்திகை, மார்கழியில் பட்டறைக்குப் போகாதீர்கள். மாலை போட்ட வண்டிகள் வரிசையில் நிற்கும், உங்கள் டிரம்மைத் திறக்க யாருக்கும் நேரம் இருக்காது.

ஆயில் மாற்றிய தேதியை வெள்ளை பெயிண்டில் பானெட்டின் உள்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். என் வண்டியில் அங்கே இப்போது இருப்பது: 28-6-2025, டாட் 4, நாலு சக்கரம்.